பாகும் பாக்கியும்

கொதிக்கிற பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, தட்டில் போட வேண்டும். 'டங்' என்று ஒலித்தால் அடுப்பை அணைக்கலாம். ஒலிக்காமல் ஒட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகப் பொறுத்துவிட்டால் பாகு கருகிக் கசக்கும். முந்திக்கொண்டு இறக்கினால் மறுநாளே மிட்டாய் பொட்டலத்துக்குள் இளகிப் பல்லில் ஒட்டும். கடலைமிட்டாய்ப் பட்டறையில் இந்த ஒலியைக் கேட்கத் தெரிந்தவர்தான் பெரிய ஆள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்கு நாள் போய்விட்டால் முதலாளிக்கு நான்கு நாளும் தூக்கம் வராது.

இந்தத் தொழிலில் முதலாளி கேட்டுக் கேட்டுப் பழகிய வேறொரு ஒலியும் உண்டு. சரக்கைப் போட்டுவிட்டுப் போன மாதத்துப் பாக்கியைக் கேட்டால் கடைக்காரர் சொல்கிற பதில்: "அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி."

பாரம்பரியப் பலகாரம் ஒன்றைச் சிறு தொழிலாக நடத்த நினைப்பவர்கள் எந்திரம் எங்கே கிடைக்கும், மானியம் உண்டா, என்ன பெயர் வைக்கலாம் என்று விசாரிக்கிறார்கள். பாட்டியின் கைமணம் தங்களிடம் இருப்பதால் மற்றதெல்லாம் தானே நடந்துவிடும் என்று நம்புகிறார்கள். ருசி கெட்டு மூடிய பட்டறைகளைவிட, ருசி நன்றாக இருக்கும்போதே கைப்பணம் வற்றி மூடியவை அதிகம் என்பது என் கணிப்பு. பாகைப் போலவே பாக்கிக்கும் ஒரு பதம் உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்கிற பாட்டிகள்தான் குறைவு.

கரிசல் காட்டின் பலகாரப் பட்டை

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்கக் கோவில்பட்டியை எடுத்துக்கொள்கிறேன். முன்பு அந்தப் பக்கத்து வீடுகளில் திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் கருப்பட்டிப் பாகில் கடலையைப் போட்டு மிட்டாய் பிடிப்பார்கள். 1940-களில் கோவில்பட்டிக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார், கருப்பட்டிக்குப் பதில் கரும்பு வெல்லத்தைக் காய்ச்சி, கடலையைச் சேர்த்து விற்பனைக்குப் போட்டார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. இதைச் சமையல் குறிப்பில் வந்த மாற்றமாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி விஷயம் தப்பிவிடும். பதநீர் இறங்குகிற சில மாதங்களில்தான் கருப்பட்டி வரும். வெல்லம் வருடம் முழுக்கக் கிடைக்கும். பலசரக்குக் கடைக்காரரிடம் கடலையும் வெல்லமும் மொத்த விலையில் கையிலேயே இருக்கும். செய்த மிட்டாய் அவருடைய பலகையிலேயே ரொக்கத்துக்கு விற்கும். மூலப்பொருள் கைவசம், விற்பனை காசுக்கு. இன்று சிறு தொழில் தொடங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டும் சேர்ந்து அமைகின்றன?

கோவில்பட்டியைச் சுற்றி வரைபடத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வடக்கே சாத்தூரின் காராச்சேவு, மேற்குப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா, தெற்கே திருநெல்வேலி அல்வா, கிழக்கே தூத்துக்குடி மக்ரூன். எல்லாமே ஓரிரண்டு மணி நேர பஸ் பயணத்துக்குள். மானாவாரிக் கடலை விளைகிற கரிசல், மதுரை-திருநெல்வேலி ரயில் பாதை, வியாபாரத்தில் ஊறிய கடைத்தெரு என்று காரணங்களை அடுக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வறண்ட காற்று. தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வட்டாரத்தில் வேர்பிடிக்க உதவிய அதே காற்றுதான் கடலைமிட்டாயும் மொறுமொறுப்பு குறையாமல் இருக்க உதவியிருக்கிறது.

ஈரம் போடுகிற எல்லை

ஒரு பலகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது விளம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஈரம் என்பேன். பால்கோவாவைப் பாருங்கள். பத்து லிட்டர் பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சினால் ஏறக்குறைய மூன்று கிலோ தேறும். அதில் மிச்சமிருக்கிற ஈரம் போதும், ஒரு வாரத்துக்குள் புளிப்பு தட்ட. ஆகவே பால்கோவாக்காரரின் சந்தை ஆண்டாள் கோயில் தெருவும் பஸ் நிலையமும்தான். வருகிற கூட்டத்தை நம்பி அன்றன்று காய்ச்சி அன்றன்று விற்க வேண்டும். குளிர்வண்டி வைத்துச் சென்னைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு முதல் கேட்கிற வேறு தொழில்.

மணப்பாறை முறுக்கு வேறு வழி பிடித்தது. அரைவேக்காட்டில் எடுத்து ஆறவைத்து, மறுபடியும் எண்ணெயில் போடுவார்கள். இரண்டாம் முறை வேகும்போது உள்ளே ஒளிந்திருக்கிற ஈரமும் வெளியேறிவிடும். ரயில் நிலையத்தில் கூவி விற்ற பண்டம் பெட்டியில் ஏறி வெளியூர் போனதற்கு அந்த இரண்டாம் பொரிப்பே பயணச்சீட்டு. இட்லி மாவோ இந்த வரிசையின் மறு கோடி. முழுக்க ஈரம், அதோடு உயிருள்ள பண்டம். நேரம் ஆக ஆகப் பொங்கும், புளிக்கும். 2005-ல் பெங்களூரில் ஒரு சிறு சமையலறையில் மாவு அரைக்கத் தொடங்கிய 'ஐடி' (iD) என்ற மாவு நிறுவனம் பெரிதானதற்கு மாவின் ருசி மட்டும் காரணம் இல்லை. தினமும் கடை கடையாகக் குளிர்ச்சியோடு கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டார்கள். மாவு வியாபாரம் என்பது பாதிக்கு மேல் வண்டி வியாபாரம்.

கடலைமிட்டாய் இந்த வரிசையில் கொடுத்துவைத்தது. பாகு பதமாக இருந்தால் அதில் ஈரம் மிகச் சொற்பம். பூஞ்சையும் நுண்ணுயிரும் அதில் பிழைக்க வழியில்லை. ஆனால் வெல்லத்தில் சாதாரணச் சர்க்கரையோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருப்பதால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டறைக்காரர்கள் படுகிற பாடு இதனால்தான். பாகில் கொஞ்சம் குளுக்கோஸ் நீர் ஊற்றுவது பாகு பூத்து மணல்மணலாக உதிராமல் இருக்க. அதைக் கலப்படம் என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவாக ஊற்றினால் கலப்படம் இல்லை. வெல்லத்துக்குப் பதிலாகவே ஊற்றினால்தான் குற்றம்.

பொட்டலத்தின் வேலையும் ஈரத்தைத் தடுப்பதே. மெல்லிய பிளாஸ்டிக் உறையை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டிய காலம் போய்விட்டது. உட்புறம் வெள்ளி நிறமாக இருக்கும் உறை ஈரத்தையும் வெளிச்சத்தையும் ஒன்றாகத் தடுக்கும். வெளிச்சம் எதற்கு என்றால், கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது சிக்கு வாடை அடிக்கும். மிட்டாய் கெடாமல் இருந்தாலும் கடலை கெட்டுவிடும். 'ஆறு மாதத்துக்குள் உபயோகிக்கவும்' என்று அச்சடிக்கிறவர் அதே பொட்டலத்தை ஆறு மாதம் தன் வீட்டில் வைத்திருந்து தின்று பார்த்தாரா என்று கேளுங்கள். பலர் சிரிப்பார்கள்.

தொடங்க நினைப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: எந்தப் பலகாரம் உங்களுக்கு நன்றாக வரும் என்று யோசிக்கும் முன், அதில் எவ்வளவு ஈரம் தங்கும் என்று பாருங்கள். உங்கள் சந்தை ஒரு தெருவா, ஒரு ஜில்லாவா, ஒரு தேசமா என்பது அதிலேயே இருக்கிறது.

கடலை வாங்குகிற காலம்

பட்டறை வாசலில் நிற்பவருக்குத் தெரியாத விஷயம், லாபம் அடுப்படியில் வருவதைவிடக் கமிஷன் மண்டியில் அதிகமாக வருகிறது என்பது. மானாவாரிக் கடலை புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வெட்டுக்கு வரும். இறவைக் கடலை பங்குனி, சித்திரையில். புதுக்கடலை வந்து குவிகிற வாரங்களில் விலை இறங்கும், மற்ற மாதங்களில் ஏறும். வெட்டுக் காலத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கிக் காயவைத்து அடுக்கியவர் வருடம் முழுக்க நிம்மதியாக மிட்டாய் போடலாம். வாரத்துக்கு வாரம் நாலைந்து மூட்டை கடனுக்கு வாங்குகிறவர், மண்டிக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். நாளைக்கு 100 கிலோ பருப்பு போடுகிற சிறு பட்டறை. மாதம் 25 நாள் ஓடினால் 2,500 கிலோ. நான்கு மாதத்துக்குச் சேர்த்துவைத்தால் 10 டன். கிலோ 100 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 10 லட்சம் ரூபாய் மூட்டையாக மாறிக் கிட்டங்கியில் அடைந்து கிடக்கும். இந்த 10 லட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மானியக் கணக்கு பேசும்போது மறுபடி வரும்.

வாங்கினால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். உடைத்த பருப்பைவிடத் தோட்டோடு இருக்கும் கடலை பத்திரம். ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அதில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற வகை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு. வறுத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். முழுக்கப் போகாது. பூஞ்சை செத்துவிடும், அது விட்ட நஞ்சில் கணிசமான பங்கு அப்படியே நிற்கும். சுருங்கியது, நிறம் மாறியது, சொத்தை என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதுதான் இன்றைக்கும் முதல் காவல். வட்டமாக உட்கார்ந்து முறத்தில் பொறுக்குகிற பெண்களுக்குத்தான் பட்டறையிலேயே குறைந்த கூலி. உண்மையில் அவர்கள்தான் பட்டறையின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரிகள். இந்தக் கூலியில் மிச்சம் பிடிக்கிற முதலாளி எங்கே கைவைக்கிறோம் என்று தெரியாமலே வைக்கிறார்.

வறுக்கும்போது ஈரம் போகும், பிறகு தோல் போகும். பொறுக்கிய சொத்தை போக, நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு எடை இப்படிக் கழியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் விலை போடும்போது இந்தக் கழிவை மறந்துவிடுகிறார்கள். முதல் வருட நட்டத்தின் ஒரு பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கும்.

வெல்லத்திலும் ஒரு சோதனை உண்டு. பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்துக்கு ஹைட்ரோஸ் போன்ற ரசாயனம் போட்டு வெளுத்திருப்பார்கள். மருந்தடிக்காத வெல்லம் கருத்திருக்கும். கருத்த மிட்டாயைக் கடைக்காரர் ஒதுக்குவார், வாங்குகிறவரும் 'பழைய சரக்கோ' என்று சந்தேகப்படுவார். பாரம்பரியம் வேண்டும் என்கிற நாம்தான் பாரம்பரியத்தின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

பதத்தை எழுதிவைப்பது

'கைப்பக்குவம்' என்ற சொல்லுக்கு நம்மிடம் பெரிய மரியாதை. தொழில் என்று வந்துவிட்டால் அது ஒரு ஆபத்தும்கூட. பக்குவம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் பட்டறை அந்த ஒருவருடையது, முதலாளியுடையது இல்லை. வெல்லப் பாகு 'டங்' பதத்துக்கு வருவது ஏறக்குறைய 140 முதல் 150 டிகிரி செல்சியஸுக்குள். வெல்லத்துக்கு வெல்லம் கொஞ்சம் முன்பின் ஆகும். ஒரு வெப்பமானியை வாங்கி மாட்டி, பாகு மாஸ்டர் இறக்குகிற ஒவ்வொரு தடவையும் எத்தனை டிகிரி, எந்த ஊர் வெல்லம், அன்று மழையா வெயிலா என்று நோட்டில் எழுதினால், ஒரு வருடத்தில் அந்தக் காதின் ஞானம் காகிதத்துக்கு வந்துவிடும். மாஸ்டருக்கு இதில் இழப்பு இல்லை. அவருக்கு ஒரு சீடர் கிடைப்பார். இதைச் சந்தேகத்தோடு பார்க்கிற மாஸ்டர்கள் உண்டு. அவர்கள் சந்தேகமும் நியாயம்தான். எழுதி முடித்ததும் ஆளை அனுப்பிய முதலாளிகள் இருந்திருக்கிறார்கள்.

மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக ஆரம்பித்து இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக இருக்கிற தஞ்சாவூர் நிறுவனமும் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய இடங்கள். பயிற்சியும் தருகிறார்கள், பரிசோதனையும் செய்கிறார்கள். எந்திரம் வாங்கியபின் போகிறவர்களே அதிகம். வாங்குமுன் போயிருந்தால் பாதிப் பேர் வேறு எந்திரம் வாங்கியிருப்பார்கள்.

காகிதம்

சட்டம் பற்றி நீட்ட விரும்பவில்லை. மிரட்சி தேவைக்கு மேல் இருக்கிறது. 1954-ஆம் வருடத்துக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் 2006-ல் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் வந்து 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அப்போது வகுத்த விதிகளில் வருட விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கிற சிறு தயாரிப்பாளருக்கு வெறும் பதிவு போதும், வருடக் கட்டணம் 100 ரூபாய் என்றிருந்தது. அதற்கு மேல் போனால் மாநில உரிமம். ஒரு நாளைய தயாரிப்பு 100 கிலோவைத் தாண்டினாலும் உரிமம்தான் என்றது விதி. நாம் மேலே போட்ட கணக்குப் பட்டறையில் 100 கிலோ பருப்போடு வெல்லமும் சேர்வதால் அந்த விதிப்படி அது தொடக்கத்திலேயே உரிமப் பக்கம் வந்துவிடும். எண்ணெய்ச் சட்டியும் கல்லாப்பெட்டியும் பக்கம்பக்கமாக இருக்கிற கூடத்துக்கு உரிமம் சுலபமாகக் கிடைக்காது. சுவர், தரை, தண்ணீர்ப் பரிசோதனை, ஆட்களின் மருத்துவச் சான்று எல்லாம் கேட்பார்கள். கேட்பது சரிதான்.

வரியில் ஒரு பழைய கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது கடலைமிட்டாய், எள்ளுமிட்டாய் வகைக்கு 18 சதவீதம் போட்டார்கள். பள்ளிக்கூட வாசல் பண்டத்துக்கு அந்த வரி! நான்கே மாதத்தில், நவம்பரில், 5 சதவீதமாக இறக்கினார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. சில பொருள்களைச் சிறு தொழிலுக்கு மட்டுமே ஒதுக்கி, பெரிய நிறுவனங்கள் புகாமல் காக்கிற கொள்கை 1967-ல் வந்தது. பட்டியல் ஒரு காலத்தில் 800-ஐத் தாண்டி வளர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, 2015 ஏப்ரலில் கடைசி 20 பொருள்களும் நீங்கின. அந்தக் கடைசி இருபதில் ஊறுகாய், ரொட்டி, கடலை எண்ணெய், தீப்பெட்டி எல்லாம் இருந்தன. கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டியலைப் படிப்பது தன் தெருவைப் படிப்பது போல இருந்திருக்கும். வேலி எடுக்கப்பட்டபின் சிறு பட்டறைக்காரர் பெரிய நிறுவனத்தோடு ஒரே அலமாரியில் நிற்கிறார். இதற்குத் தயாராகாமல் 'அந்தக் காலத்தில்' என்று ஆரம்பிக்கிற பேச்சில் எனக்கு ருசி இல்லை.

மானியம் எங்கே போகிறது

2020 ஜூனில் மத்திய அரசு குறு உணவுத் தொழில்களை முறைப்படுத்த ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஐந்து வருடத்துக்கு 10,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு. நாட்டில் பதிவில்லாத உணவுப் பட்டறைகள் சுமார் 25 லட்சம், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறத்தில், நூற்றுக்கு எண்பது குடும்பமே நடத்துவது என்று அந்தத் திட்ட ஆவணமே கணக்குச் சொல்கிறது. வங்கிக் கடனோடு சேர்த்துத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். தொடங்குகிறவர் பத்தில் ஒரு பங்காவது கைப்பணம் போட வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்று தேர்ந்தெடுத்து அதற்கு முன்னுரிமை.

நல்ல திட்டம்தான். எந்திரம் வாங்கிப் பட்டறையை விரிக்க உதவியிருக்கிறது. என் குறை வேறு. மேலே சொன்ன 10 லட்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடலை மூட்டைக்குத் தேவைப்பட்ட பணமும் மானியத்தின் உச்சவரம்பும் ஒரே தொகை. ஆனால் மானியம் எந்திரத்துக்கு, மூட்டைக்கு இல்லை. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு மட்டும் ஆளுக்கு 40,000 ரூபாய் வரை நடைமுறைச் செலவுக்கும் சிறு கருவிக்கும் தொடக்கப் பணம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வங்கிதான் கதி. வங்கி எந்திரத்தின் மேல் கடன் கொடுக்கும், எந்திரம் ஓடிப்போகாது. கடலை மூட்டையையும் கடைக்காரர் பாக்கியையும் நம்பிக் கடன் கொடுக்கத் தயங்கும். விளைவு, பளபளக்கிற வறுவல் எந்திரத்துக்குப் பக்கத்தில் போடக் கடலை இல்லாமல் முதலாளி நிற்பார். தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். எந்திரம் வாங்கியதாலேயே நொடித்தவர்களை நான் அறிவேன். எந்திரம் இல்லாததால் நொடித்தவரை இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம்

சின்னக் கடைகளில் விற்கிற கடலைமிட்டாயின் விலையை நிர்ணயிப்பது பட்டறைக்காரர் இல்லை, நாணயம். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஐந்து ரூபாய்க்குத்தான் விற்கும், ஐந்தே முக்காலுக்கு விற்காது. கடலை விலை ஏறினால் எடையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் லாபத்தை. சிறு பொட்டலம் ஆக ஆக, உள்ளே இருக்கிற பண்டத்தின் பங்கு குறைந்து உறையின் பங்கும் ஒட்டுக்கூலியின் பங்கும் ஏறும். வாங்குகிறவர் கடைசியில் காகிதத்தைத் தின்கிறார் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னது வேடிக்கை இல்லை.

பெரிய கடைகளின் கதை வேறு. அலமாரியில் இடத்துக்கே காசு கேட்பார்கள். விற்காததைத் திருப்பி அனுப்புவார்கள், உடைந்ததையும் சேர்த்து. பணம் அறுபது நாள், தொண்ணூறு நாள். சட்டம் என்னவோ சிறு தொழில் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023-24 கணக்காண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வைத்தார்கள்: குறு, சிறு தயாரிப்பாளருக்குக் காலத்தில் கொடுக்காத பாக்கியை, கொடுத்து முடிக்கிறவரை செலவாகக் கழிக்க முடியாது. வழக்குப் போடுகிற பட்டறைக்காரர் யார்? போட்டால் வட்டி கிடைக்கும், அலமாரி போய்விடும்.

கடனுக்கு விற்காமல் பெரிதாக முடியுமா என்று கேட்டால் காட்ட ஒரு கதை இருக்கிறது. நம் ஊர்க் கதை இல்லை, பம்பாய்க் கதை. 1959 மார்ச்சில் கிர்காம் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். முதல் நாள் தேறியது நான்கு பொட்டலம். அதுதான் லிஜ்ஜத். முதல் வருடம் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றுபோனது. அடுத்த வருடம் கட்டிலில் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பு மூட்டிக் காயவைத்தார்கள். ஈரத்தை வென்றது அந்தக் கட்டில்தான், எந்தத் தொழிற்சாலைச் சாதனமும் இல்லை. மாவை ஓரிடத்தில் பிசைந்து எடைபோட்டுக் கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் இட்டுக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார்கள். இன்று அதில் ஏறக்குறைய 45,000 பெண்கள் உறுப்பினர். தொடக்கத்திலிருந்தே நன்கொடை வாங்குவதில்லை என்று முடிவு. கூலியைக் கடன் சொல்ல முடியாதபோது சரக்கை மட்டும் எப்படிக் கடனுக்குக் கொடுப்பது என்பதே அவர்கள் கணக்கு. முகவர் காசு கொடுத்துத்தான் எடுப்பார்.

நம் பட்டறைகள் எல்லாம் லிஜ்ஜத் ஆகிவிட முடியாது. மாவின் பக்குவத்தை ஒரு மையத்தில் பிடித்துக்கொண்டு கைவேலையை ஆயிரம் வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க அப்பளம் இடம் கொடுக்கும். கொதிக்கிற பாகை வீட்டுக்கு வீடு அனுப்ப முடியாது. ஆனால் காசுக்கு விற்பது என்ற பிடிவாதத்தை எந்தப் பலகாரக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். இருபது கடைக்குக் கடனுக்குப் போடுவதைவிட நான்கு கடைக்குக் காசுக்குப் போட்டு, மீதியைத் தன் வாசலிலேயே விற்கிறவர் சின்னவராகவே இருப்பார். சின்னவராக இருப்பதில் என்ன கேவலம்? இரண்டு அடுப்பு, எட்டு ஆள், வருடம் முழுக்க வேலை, மாதக் கடைசியில் பாக்கி இல்லாத நோட்டு என்று மூன்று தலைமுறை ஓடிய பட்டறைகளை வளராத பட்டறைகள் என்று அதிகாரிகள் குறிப்பெழுதுகிறார்கள். நான் அவற்றைத்தான் வெற்றி என்பேன்.

ஊர்ப் பெயர்

கடைசியாகப் புவிசார் குறியீடு. 1999-ல் சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறை, பதிவகம் சென்னையில். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனி பஞ்சாமிர்தமும் 2019-ல் பெற்றன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் உற்பத்தியாளர் சங்கம் 2014-ல் விண்ணப்பித்து 2020 ஏப்ரல் 30-ல் வாங்கியது. மணப்பாறை முறுக்கும் உடன்குடி கருப்பட்டியும் 2023-ல். செய்தித்தாளில் படம் வரும், ஊர் பட்டாசு வெடிக்கும். அதோடு பலரும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். குறியீடு சங்கத்தின் பெயரில்தான் இருக்கும். அதைப் பொட்டலத்தில் அச்சடிக்க ஒவ்வொரு தயாரிப்பாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தனியாகப் பதிய வேண்டும். 2020-ல் அதற்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்குக் குறைத்தார்கள். பத்து ரூபாய்க்குக் கிடைப்பதைப் பதியாமல் விட்டுவிட்டு, வெளியூர்க்காரர் நம் பெயரைத் திருடுகிறார் என்று மேடையில் பேசுவதில் அர்த்தமில்லை. பதிவு பத்து வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். கோவில்பட்டிக் குறியீட்டின் கெடு விண்ணப்பித்த 2014-லிருந்தே ஓடத் தொடங்கியது.

குறியீடு ஒரு பூட்டு. வீட்டைக் காவல் காப்பது பூட்டு வைத்திருக்கிறவர் பொறுப்பு. அந்த வீட்டுச் சரக்கை வாங்குகிற நமக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. அடுத்த முறை ரயிலிலோ பஸ் நிலையத்திலோ 'கோவில்பட்டி' என்று பெரிய எழுத்தில் போட்ட பொட்டலத்தை வாங்கினால் ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவரின் முகவரியைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த முகவரி கோவில்பட்டி வட்டாரத்தைத் தாண்டியதாக இருந்தால், கையில் இருப்பது கடலைமிட்டாய்தான், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இல்லை.